நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து வெளுத்துப்போகிறது, உரம் போட்டும் தேறவில்லை

கொடிமுல்லை:

வணக்கம். தக்காளியும் பீன்ஸும் வீட்டுக்குள் தட்டில் விதைத்தேன். முளைப்பில் குறையே இல்லை, அதற்கப்புறம்தான் பிரச்சினை. தண்டு மெலிந்து நீண்டுகொண்டே போகிறது, இலை சரியாக விரியாமல் சின்னதாக, பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் வெளிறிப்போய் நிற்கிறது. தண்ணீர் தெளித்தாலே சாய்ந்துவிடுகிறது. எல்லா நாற்றும் ஜன்னல் பக்கமாகவே வளைந்திருக்கின்றன. திரவ உரம் கொடுத்துப் பார்த்தேன், இரும்புச்சத்து டானிக்கும் இலையில் தெளித்தேன். பச்சை ஏறவில்லை, உயரம்தான் ஏறியது.

அதே அறையில் மணிபிளாண்ட்டும் இருக்கிறது. முன்பு உள்ளங்கை அகலத்துக்கு வந்த இலை இப்போது பாதிகூட இல்லை, இலைக்கும் இலைக்கும் நடுவே வெறும் தண்டாக ஓடுகிறது. இது நோயா, சத்துக்குறையா? இவ்வளவு வேகமாக உயரும் செடி எப்படிப் பலவீனமாக இருக்க முடியும் என்பதும் புரியவில்லை.

மண்வாசம்:

இலை வெளுத்தால் நைட்ரஜன் குறை. நீங்கள் கொடுத்த அளவு போதவில்லை. அளவைக் கொஞ்சம் கூட்டி வாரம் ஒருமுறை விடுங்கள், டானிக்கையும் நிறுத்த வேண்டாம். பச்சை பிடித்துவிடும்.

வேர்க்கால்:

மண்வாசம், இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கொடிமுல்லை, தயவுசெய்து உரத்தைக் கூட்டாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது.

//பச்சை ஏறவில்லை, உயரம்தான் ஏறியது//

நைட்ரஜன் கிடைக்காத செடி இப்படி உயராது. குட்டையாக நின்றுவிடும், அடியில் உள்ள முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளாகும், ஏனென்றால் செடி அந்த இலையில் இருக்கும் நைட்ரஜனைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பு குறைந்தால் இதற்கு நேரெதிர், கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மக்னீசியம் குறைந்தாலும் நரம்பு பச்சையாக நிற்கும், ஆனால் அது முதிர்ந்த இலையில் தொடங்கும். இந்த மூன்றிலும் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதில்லை. உங்கள் செடியில் கூடியிருப்பது அதுதான். இலை சிறுத்து, தண்டு நீண்டு, நிறம் வெளுத்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம், வெளிச்சம் போதவில்லை.

ஒரு நாற்றைத் தட்டிலிருந்து மெதுவாகக் கிளப்பி ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மண்ணிலிருந்து வித்திலை வரைக்கும் உள்ள தண்டுதான் கவனிக்க வேண்டிய இடம். நல்ல வெயிலில் முளைத்த தக்காளியில் அந்தப் பகுதி கட்டையாக, ஊதா நிறம் லேசாக ஏறி, நுண்ணிய மயிர்களோடு இருக்கும். உங்களுடையதில் அது வெள்ளைக்குப் பக்கமான நிறத்தில், வெளிச்சம் ஊடுருவிப்போகும்படி இருக்கும், உள்ளே நீர் ஏறும் குழாய்கள் கோடாகக்கூடத் தெரியலாம். விரலால் லேசாக அழுத்தினால் நசுங்கும். வேரைப் பாருங்கள், மேலே இருக்கும் உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குக் குறைவாக இருக்கும்.

உயரமாக வளரும் செடி எப்படிப் பலவீனம் என்று கேட்டிருந்தீர்கள். உயரம் வேறு, வளர்ச்சி வேறு. தண்டில் இருக்கும் செல்கள் தண்ணீரை இழுத்துக்கொண்டு நீளவாக்கில் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். செல்சுவர் தடிக்கவில்லை, தண்டைத் தாங்கும் லிக்னின் சேரவில்லை, புதிதாகச் சேர்ந்த திடப்பொருள் மிகக் குறைவு. வரும்படி நின்றுபோன வீட்டில் சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதைப் போல, விதைக்குள் இருந்த மாவுச்சத்தையும் புரதத்தையும் எடுத்து உயரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது அந்த நாற்று. சேமிப்பு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டிவிட்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் சாய்ந்து அழுகும்.

மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கும் விதைக்கு இந்தக் குணம்தான் உயிர் கொடுக்கிறது. இருட்டில் இலை விரித்து என்ன பயன்? முதலில் மேலே வந்தாக வேண்டும். அதனால் இதை நோய் என்று நினைக்காதீர்கள். செடி தனக்குத் தெரிந்த வேலையைச் சரியாகவே செய்கிறது, நாம் வைத்த இடம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

கொடிமுல்லை:

மிக்க நன்றி வேர்க்கால். எடுத்துப் பார்த்தேன், நீங்கள் எழுதியபடியே இருக்கிறது, வேரும் குறைவுதான். ஆனால் அறை இருட்டு இல்லையே! பகலில் விளக்கு போடாமல் புத்தகம் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம். தட்டு இருக்கும் அலமாரி ஜன்னலிலிருந்து நாலைந்து அடி தள்ளி இருக்கிறது. இது போதாதா?

பகலவன்:

போதாது. நம் கண்ணை நம்பி இதில் முடிவெடுக்கக் கூடாது, ஏனென்றால் கண்மணி சுருங்கியும் விரிந்தும் வித்தியாசத்தை மறைத்துவிடும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெட்டவெளியில் நடுப்பகல் வெயில் கிட்டத்தட்ட 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய நாளில்கூட வெளியே 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். நன்றாக விளக்குப் போட்ட அலுவலக அறை வெறும் 300 முதல் 500 லக்ஸ். படிக்க அது தாராளம், தக்காளிக்கு அது பட்டினி.

ஒளிச்சேர்க்கையில் சம்பாதிப்பதும் சுவாசத்தில் செலவாவதும் சமமாக இருக்கும் ஒளி அளவு ஒன்று உண்டு, ஈடுசெய் புள்ளி என்பார்கள். வெயில் விரும்பும் செடிகளின் இலைக்கு அது சூரிய ஒளியில் ஏறக்குறைய 500 முதல் 1,000 லக்ஸ் வரை வரும். நிழலில் வாழும் செடிகளுக்கு 50 முதல் 250 லக்ஸ். இதுவும் ஒரு இலையை மட்டும் வைத்துச் சொல்லும் கணக்கு. இலை சம்பாதிப்பதில் தண்டும் வேரும் பங்கு கேட்கும், ராத்திரி முழுவதும் சுவாசம் நடக்கும். அதனால் முழுச் செடியும் தேற வேண்டுமென்றால் இதைப்போலப் பல மடங்கு தேவை. உங்கள் மணிபிளாண்ட் சிறுத்தாலும் உயிரோடு இருப்பதற்கும் தக்காளி சாய்வதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

ஜன்னலிலிருந்து தள்ளிப் போகப் போக வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதை யாரும் சரியாக உணர்வதில்லை. நாற்று இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்து ஜன்னலைப் பாருங்கள், வானம் எவ்வளவு தெரிகிறது? எதிர்ச்சுவர் மட்டும் தெரிந்தால் அந்த நாற்றுக்கு வானமே இல்லை. கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலி இருக்கிறது, துல்லியம் குறைவுதான், ஆனாலும் ஜன்னல் விளிம்பிலும் அலமாரியிலும் வைத்து ஒப்பிட்டால் போதும். செயலி வேண்டாம் என்றால், நடுப்பகலில் தட்டுக்கு மேல் ஒரு முழம் உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை வடிவம் தெரிந்தால் நிழல்செடிக்குச் சரி. நிழலே தெரியவில்லை என்றால் அங்கே நாற்று வைக்காதீர்கள்.

கொடிமுல்லை:

செயலியில் பார்த்தேன். ஜன்னல் விளிம்புக்கும் அலமாரிக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம் காட்டுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது!

கரும்பலகை:

நான் பள்ளியில் தாவரவியல் எடுப்பவன், இந்தத் தலைப்பைப் பார்த்ததும் உள்ளே வராமல் இருக்க முடியவில்லை. வெளுப்பு எங்கிருந்து வருகிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாணவர்களோடு செய்யும் சோதனை எளிது. ஒரே பொட்டலத்து பீன்ஸ் விதையை இரண்டு தொட்டியில் போட்டு ஒன்றை வெயிலிலும் இன்னொன்றை ஒளி புகாத பெட்டிக்குள்ளும் வைப்போம். பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது "சார், இருட்டில் இருந்ததுதான் நன்றாக வளர்ந்திருக்கிறது" என்பதுதான். வெளிறிய மஞ்சளில் தண்டு எங்கேயோ போயிருக்கும். சரி, இரண்டையும் பிடுங்கிக் கழுவி, அடுப்பில் ஈரம் போக உலர்த்தி, தராசில் வைப்போம். இருட்டுச் செடியின் உலர் எடை, விதைத்த விதையின் உலர் எடையைவிடக் குறைவாகவே இருக்கும். அத்தனை உயரமும் தண்ணீர், அதோடு சுவாசத்தில் எரிந்துபோன சேமிப்பு. வேர்க்கால் மேலே எழுதியதைத் தராசே சொல்லிவிடும்.

இருட்டுச் செடியின் நுனியைக் கிட்டே வைத்துப் பாருங்கள், அது நேராக நிற்காது. கொக்கி போலக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், இலைகள் இரண்டும் ஒட்டி மடங்கி அந்தக் கொக்கிக்குள் பத்திரமாக இருக்கும். மண்ணைத் துளைத்து ஏறும்போது கொழுந்து உரசிக் கிழியாமல் இருக்க இந்த ஏற்பாடு. வளைந்த தண்டின் முதுகுதான் மண்ணைத் தள்ளும், கொழுந்து பின்னாலேயே வரும். வெளிச்சம் பட்டதும் கொக்கியின் உள்பக்கத்துச் செல்கள் வேகமாக நீள ஆரம்பிக்கும், நுனி நிமிரும், இலை பிரியும். பெட்டியிலிருந்து எடுத்துக் காலையில் ஜன்னலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் மஞ்சளில் பச்சை ஏறத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

பச்சை ஏறுவதன் கதை இது. பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் வழியில் கடைசிக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, புரோட்டோகுளோரோபிலைடு என்ற பொருள் குளோரோபிலைடாக மாற வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி, வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்யும். நொதி தயாராக இருக்கும், மூலப்பொருளும் கொஞ்சம் தயாராக இருக்கும், ஒளி மட்டும் இருக்காது. அதனால் இருட்டில் செடி பச்சையத்துக்கு வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. செல்லுக்குள் பச்சையம் தங்கும் உறுப்பான பசுங்கணிகமும் அப்படித்தான். இருட்டில் அது எட்டியோபிளாஸ்ட் என்ற அரைகுறை வடிவத்தில், உள்ளே சவ்வுகள் குழாய் வலைப்பின்னலாகச் சுருண்டு காத்திருக்கும். கரோட்டினாய்டு நிறமிகளுக்கு ஒளி அவசியம் இல்லை, அவை இருட்டிலும் உருவாகும், அந்த வெளிர்மஞ்சள் நிறம் அவற்றுடையது. இரும்பு டானிக் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது தெரிகிறதா? தடை இருப்பது ஒளி வேண்டிய படியில்.

தளிர்வனம்:

ஐயா, ஒரு சந்தேகம். வெளிச்சம் குறைந்தால் வெளுக்கும் என்றால், மர நிழலில் இருக்கும் செடிகளின் இலை கரும்பச்சையாக இருக்கிறதே? வெயிலில் வைத்த அதே செடி இளம்பச்சையாக இருக்கிறது. வெள்ளைப் பட்டை போட்ட அழகுச்செடிகளும் நிழலில் வைத்தால் பட்டை மங்கிப் பச்சையாகின்றன. இது நேர்மாறாக இருக்கிறது.

கரும்பலகை:

நல்ல கேள்வி. ஒளி இல்லாமையும் ஒளிக் குறைவும் ஒன்றல்ல. மிதமான நிழலில் பச்சையம் உருவாகப் போதுமான ஒளி இருக்கும், கிடைப்பதை விடாமல் பிடிக்க இலை அகலமாகவும் மெல்லியதாகவும் விரிந்து, எடைக்கு எடை பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். அதனால் கரும்பச்சை. நிழலுக்குப் பழகிய செடியின் வெற்றி அது. அதற்கும் கீழே வெளிச்சம் போனால்தான் கதை மாறுகிறது, புது இலை வெளிறி வரும். ஏற்கெனவே பச்சையாக இருந்த பழைய இலையோ வேறு காரணத்தால் மஞ்சளாகும், சம்பாதிக்காத இலையை வைத்துக் காப்பாற்றுவது செடிக்கு நட்டம், அதனால் பச்சையத்தைச் சிதைத்து அதிலுள்ள புரதத்தை உடைத்து நைட்ரஜனை மீட்டுக்கொண்டு இலையை உதிர்த்துவிடும். இருட்டு மூலையில் வைத்த தொட்டிச்செடி அடியிலிருந்து மொட்டையாகிக்கொண்டே வருவது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாச் செடியும் இருட்டில் வெளுப்பதில்லை. பைன் மர நாற்று முழு இருட்டிலும் ஓரளவு பச்சையாகவே முளைக்கும். ஒளி தேவைப்படாத இன்னொரு நொதி அதனிடம் இருக்கிறது, பாசிகள் பலவற்றிலும் உண்டு. பூக்கும் தாவரங்கள் அந்த நொதியை இழந்துவிட்டன.

மண்வாசம்:

எல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் நான் பார்த்தது வேறு. நிழலில் இருந்த என் செடிக்கு உரம் கொடுத்ததும் பச்சை கூடியது. இதை இல்லை என்று சொல்ல முடியுமா?

வேர்க்கால்:

இல்லை என்று சொல்லவே மாட்டேன். அந்தச் செடிக்குச் சத்தும் குறைவாக இருந்திருக்கும், மிதமான நிழலில் அதைப் பயன்படுத்தும் அளவுக்கு ஒளியும் இருந்திருக்கும். கொடிமுல்லையின் அலமாரியில் அந்த இரண்டாவது விஷயம் இல்லை. வேர் உறிஞ்சும் நைட்ரேட்டைப் புரதமாக மாற்றச் சர்க்கரையும் ஆற்றலும் வேண்டும், அது ஒளிச்சேர்க்கை கொடுத்தால்தான் உண்டு. வெளிச்சம் இல்லாத இடத்தில் நைட்ரேட் இலையில் அப்படியே தேங்கும், மீதி உப்பாக மண்ணில் சேரும், இருக்கிற வேரும் கருகும். கொஞ்சநஞ்சம் பயன்பட்டாலும் இன்னும் மெல்லிய, இன்னும் நீளமான தண்டாகத்தான் அது வெளியே வரும்.

தண்ணீரும் அப்படியே. வெளிச்சம் குறைந்தால் நீராவிப்போக்கு குறையும், செடி குடிப்பதும் குறையும், வழக்கம்போல ஊற்றினால் மண் காயவே காயாது, வேருக்குக் காற்று கிடைக்காது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாகிச் சுருங்கி நாற்று மடிந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த நாற்றழுகலுக்கு ஈரமும் மெலிந்த தண்டும் சேர்ந்த தட்டு ரொம்பப் பிடிக்கும். வாடியது போல இருக்கிறதே என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றுவார்கள். வெளிச்சம் வேண்டிய செடியைத் தண்ணீராலும் உரத்தாலும் கொன்றுவிடுகிறோம், பார்க்கப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

மண்வாசம்:

முதலில் வெளிச்சம், பிறகு உரம் என்றால் எனக்கும் சம்மதம். உரமே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை.

நிழற்கூத்து:

நெருக்கமாக விதைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. வெயிலிலேயே வைத்தாலும் தட்டில் அடர்த்தியாக விதைத்தால் நாற்று நெட்டையாகத்தான் வரும். செடிக்கு வெளிச்சத்தின் அளவு மட்டுமல்ல, நிறமும் தெரியும்.

இலை, சிவப்பு ஒளியை (அலைநீளம் 660 நானோமீட்டர் பக்கம்) நன்றாக உறிஞ்சும். அதைத் தாண்டி 730 பக்கத்தில் உள்ள தூரச்சிவப்பை, நம் கண்ணுக்கு அது தெரிவதே அரிது, பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும் அல்லது எதிரொளிக்கும். அதனால் இலைகளுக்குக் கீழே சிவப்பு குறைந்து தூரச்சிவப்பு மிஞ்சி இருக்கும். வெட்டவெளியில் சிவப்புக்கும் தூரச்சிவப்புக்கும் உள்ள விகிதம் சுமார் 1.2, அடர்ந்த இலைக்கூரைக்கு அடியில் அது 0.1, 0.2 என்று இறங்கிவிடும். பைட்டோகுரோம் என்ற நிறமி இந்த விகிதத்தைப் படிக்கிறது. சிவப்பு பட்டால் ஒரு வடிவம், தூரச்சிவப்பு பட்டால் இன்னொரு வடிவம். சிவப்பு பட்டு உருவாகும் வடிவம் செல்லின் உட்கருவுக்குள் போய், தண்டை நீட்டச் சொல்லும் புரதங்களைப் பிடித்து அழித்துவிடும். அந்த வடிவம் குறைந்தால் அந்தப் புரதங்கள் மிஞ்சும், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கூடும், தண்டு ஓடும். பக்கத்துச் செடியின் நிழல் தன்மேல் விழுவதற்கு முன்பே, அதன் இலையிலிருந்து பக்கவாட்டில் எதிரொளித்து வரும் தூரச்சிவப்பை வைத்தே செடி உஷாராகிவிடும்.

இதைக் கண்டுபிடித்த விதமும் அழகானது. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதைக்குச் சிவப்பு, தூரச்சிவப்பு என்று மாற்றி மாற்றி ஒளி காட்டினார்கள். எத்தனை முறை மாற்றினாலும் கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் விதை முளைத்தது, தூரச்சிவப்பு என்றால் பெரும்பாலும் முளைக்காமல் கிடந்தது. அந்த நிறமியைச் செடியிலிருந்து பிரித்துக் காட்டியது 1959இல்.

ஆகவே கொடிமுல்லை, ஒரு குழியில் மூன்று நாலு நாற்று நிற்கிறது என்றால் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் அடியோடு வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அறுபடும்.

பகலவன்:

ஜன்னல் பக்கம் சாய்வது இதோடு சேர்ந்தது இல்லை, அதற்குக் காரணம் நீல ஒளி. 1880இலேயே சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனிக்கு மூடி போட்டுப் பார்த்தார்கள். நுனியை மறைத்தால் நாற்று ஒளிப்பக்கம் வளையவில்லை, நுனியைத் திறந்து கீழே மறைத்தால் வளைந்தது. ஒளியை உணர்வது நுனி, வளைவது கீழே. நடுவில் செய்தி கொண்டுபோவது ஆக்சின் என்பது பிற்பாடு தெரிந்தது, அது நிழல்பக்கம் அதிகம் சேர்வதால் அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீண்டு தண்டு ஒளிப்பக்கம் சாய்கிறது. தட்டை அவ்வப்போது திருப்பி வைத்தால் நேராகும், ஆனால் வெளிச்சம் கூடிவிடாது. திருப்பி வைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

கொடிமுல்லை:

ஜன்னல் விளிம்பில் எல்லாத் தட்டுக்கும் இடம் இல்லை. விளக்கு வாங்கலாமா? ஊதா நிறத்தில் எரியும் விளக்குதான் செடிக்கு நல்லது என்கிறார்கள். அப்புறம், இருக்கிற நாற்றுகளை என்ன செய்வது?

பகலவன்:

ஊதா அவசியம் இல்லை. சாதாரண வெள்ளை எல்இடியே நாற்றுக்குப் போதும், அதில் நீலமும் சிவப்பும் இருக்கின்றன. நீலம் முக்கியம், தண்டு நீளாமல் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு. வெள்ளை ஒளியில் இலையின் உண்மை நிறம் தெரியும் என்பதால் குறை எதுவானாலும் சீக்கிரம் கண்ணில் படும், ஊதாவில் எல்லாம் கறுப்பாகத் தெரியும். விளக்கை உத்தரத்தில் மாட்டிவிட்டால் பயனில்லை. நீளமான எல்இடிப் பட்டை விளக்கு என்றால் இலைக்கு மேல் 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும், நாற்று உயர உயர விளக்கையும் ஏற்ற வேண்டும். தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், ராத்திரி அணைத்துவிடுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எரியவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகிப் பாதிக்கப்படும், அது தெரிந்த விஷயம்.

வேர்க்கால்:

இருக்கிற நாற்றுக்கு நான் சொல்கிறேன். நீண்ட தண்டு இனிமேல் குறுகாது, அதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். வெளிச்சம் கிடைத்த பிறகு வரும் பகுதிதான் கட்டையாக வரும். தக்காளியைக் காப்பாற்றலாம், அதன் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். தனித்தனித் தொட்டிக்கு மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழே வரை புதைத்துவிடுங்கள், மெலிந்த பகுதி மண்ணுக்குள் போய் வேராகிவிடும். பிடிக்கும்போது தண்டைத் தொடாமல் வித்திலையைப் பிடியுங்கள், தண்டு நசுங்கினால் நாற்று போச்சு. பீன்ஸ் அப்படிப் புதைத்தால் தேறாது, அழுகும் வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிட்டு நல்ல வெளிச்சத்தில் மறுபடி விதைப்பது மேல், பெரிய விதை, வேகமாகவே வந்துவிடும்.

மணிபிளாண்ட்டை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்தி, வெறுந்தண்டாக ஓடிய கொடியைக் கணுவுக்கு மேல் வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளைக் கணு நனையும்படி தண்ணீரில் வைத்தால் வேர் விடும், அதே தொட்டியில் நட்டால் அடர்த்தியாகும். கள்ளிச்செடி வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். உருண்டைக் கள்ளி இருட்டில் இருந்தால் நுனி கூராகிச் சூம்பும், பிறகு வெயிலில் வைத்தால் அதற்குமேல் வரும் பகுதி பருக்கும், நடுவில் அந்த ஒடுங்கிய இடுப்பு அப்படியே நிற்கும். கனம் தாங்காது என்று தோன்றினால் வெட்டி மறுபடி வேர் பிடிக்க வைப்பதுதான் வழி.

தளிர்வனம்:

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை மெதுவாக, நாற்று லேசாக அசையும் அளவுக்கு வைக்கலாம், அல்லது தினம் சில தடவை உள்ளங்கையால் நாற்றின் தலையை மெல்லத் தடவிவிடலாம். அசைவுபட்ட தண்டு குட்டையாகத் தடித்து வளரும். 1973இல் மார்க் ஜாஃபி என்ற ஆய்வாளர் இதற்குத் திக்மோமார்போஜெனிசிஸ் என்று பெயரே வைத்தார். சூட்டையும் பாருங்கள், வெளிச்சம் குறைவாகவும் அறை வெப்பமாகவும் இருந்தால் நாற்று இன்னும் வேகமாக நீளும். முளைப்பதற்காகத் தட்டுக்கு அடியில் சூடு கொடுத்திருந்தால், விதை முளைத்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

கொடிமுல்லை:

சில நாள் கழித்து எழுதுகிறேன். தக்காளியைப் புதைத்து நட்டு விளக்குக்குக் கீழே வைத்தேன். புதிதாக வந்த இலை நல்ல பச்சை, கணுக்களும் நெருக்கமாக வந்திருக்கின்றன, தண்டில் நீங்கள் சொன்ன ஊதா நிறம்கூடத் தெரிகிறது. ரொம்ப சந்தோஷம்! ஆனால் இரண்டு தொட்டியை நேற்று நேராக வெளி வெயிலில் வைத்தேன், பழைய இலைகளில் காகிதம் மாதிரி வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது. மறுபடியும் வெளுப்பா?

வேர்க்கால்:

அது வெளுப்பு இல்லை, வெயில் சுட்டது. மங்கலான இடத்தில் உருவான இலை மெல்லியது, அளவுக்கு மீறி வரும் ஒளியைத் தாங்கிச் சிதறடிக்கும் நிறமிகள் அதில் போதுமான அளவு சேர்ந்திருக்காது, திடீரென்று முழு வெயில் பட்டால் பச்சையமே சிதைந்து திசு செத்துவிடும். திட்டு விழுந்த இடம் பச்சையாகாது, ஆனாலும் இலையைக் கிள்ள வேண்டாம், மீதி இருக்கும் பச்சை வேலை செய்யட்டும். இரண்டு தொட்டியையும் இப்போதைக்கு வெளியிலேயே, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். கொழுந்து கருகாமல் இருந்தால் செடிக்கு ஆபத்தில்லை.

கொடிமுல்லை:

கொழுந்து நன்றாக இருக்கிறது. உள்ளே இருக்கும் மற்ற தொட்டிகளுக்கு இனி உரம் ஆரம்பிக்கலாமா?

மண்வாசம்:

இப்போது ஆரம்பிக்கலாம். உறையில் போட்டிருக்கும் அளவில் பாதி கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது மட்டும் விடுங்கள். இரும்பு டானிக் தேவையில்லை.